மலையில் நம் அண்டை வீட்டார் யார்?

ஒரு மனிதரைப் பற்றி, இவர் நல்லவர் என்று சான்று கூற ஒருவர் முன்வந்தார். கலீபா உமர் (ரலி) அவர்கள் அவரிடம் மூன்று வினாக்களைக் கேட்டதாக மார்க்க அறிஞர்களின் நூல்கள் கூறுகின்றன. அம்மனிதருக்கு நீர் அண்டை வீட்டாரா? அவரோடு பணம் கொடுத்து வாங்கியதுண்டா? அவரோடு பயணம் சென்றதுண்டா? மூன்றுக்கும் இல்லை என்றே விடை வந்தது. அப்படியாயின் அவரை நீர் அறிந்தவரல்லர் என்று கூறி, அந்தச் சான்றை உமர் (ரலி) அவர்கள் ஏற்க மறுத்துவிட்டார்கள். பள்ளிவாசலில் ஒருவர் தொழக் கண்டது மட்டும் அவரை அறிந்துகொள்ளப் போதாது என்பது இதன் கருத்து.

அரபு மொழியில் பயணத்துக்கு ‘ஸபர்’ என்று பெயர். திரை விலகுதல், வெளிப்படுதல் என்னும் பொருளுடைய வேர்ச்சொல்லிலிருந்து பிறந்த சொல் அது. மனிதரின் இயல்பை வெளிப்படுத்துவதனாலேயே பயணம் இப்பெயர் பெற்றது என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் விளக்குவார்கள். அக்காலப் பயணங்கள் கல்விக்காகவும் வணிகத்துக்காகவும் ஹஜ்ஜுக்காகவும் நிகழ்ந்தன. இன்று நம் குடும்பங்கள் மேற்கொள்ளும் பயணங்களில் பெரும்பகுதி விடுமுறைப் பயணம். இதிலும் நம் இயல்பு வெளிப்படுமா? ஓய்வுக்காகச் சென்ற இடத்தில் நமக்குக் கடமைகள் உண்டா? இவ்வினாக்களைத் திண்டுக்கல் மக்களின் விடுமுறை மலையாகிய சிறுமலையை முன்னிறுத்திச் சிறிது சிந்திப்போம்.

திண்டுக்கல் நகரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், 18 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் சிறுமலை. கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் தென்கோடியில் உள்ள மலைகளுள் இதுவும் ஒன்று. பெயர்தான் சிறுமலை, அதன் முகடுகள் கடல் மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கும் மேல் உயர்ந்தவை. கொடைக்கானலின் கடுங்குளிரும் நெரிசலும் இங்கில்லை. பெருநாள் விடுமுறையிலும் கோடை விடுமுறையிலும் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து வேன் பிடித்து வருகின்றன. தோட்டங்களில் கூடாரம் அமைத்து ஓரிரவு தங்குகின்றன. கல் கூட்டி அடுப்பு மூட்டி நெய்ச்சோறு சமைக்கின்றன. பிள்ளைகள் ஓடையில் நீராடுகிறார்கள். பெரியவர்கள் பாறைமேல் ஜமாஅத்தாக அஸர் தொழுகிறார்கள்.

இவை யாவும் ஆகுமான இன்பங்களே. பூமியில் சென்று பாருங்கள் என்று அருள்மறை பல இடங்களில் நம்மை ஏவுகின்றது. நான்கு சுவர்களுக்குள் வளரும் பிள்ளைக்கு மலை ஒரு மதரஸா என்றால் மிகையாகாது. நகர விளக்கொளியில் மறைந்துபோன துருவ விண்மீனை இங்குள்ள திறந்த வெளியில் காட்டலாம். பத்துப் பாகை அட்சரேகையை ஒட்டி நாம் வாழ்வதால், அது வட அடிவானுக்கு மேலே ஏறத்தாழ பத்துப் பாகை உயரத்தில் நிற்கும். அதை வலக்கைப் பக்கம் வைத்து மேற்கு நோக்கி நின்று, சற்றே வடக்கே சாய்ந்தால் கிப்லா. கைக்கருவியின் அம்புக்குறியை நம்பும் பிள்ளை, தன் பாட்டனார் மரக்கலத்தில் இருந்தபடி திசை அறிந்த விதத்தை அன்று கண்டுகொள்ளும்.

மலையில் கண்டறியத்தக்கவை வேறு பலவும் உண்டு. சாலை எட்டாத தோட்டங்களிலிருந்து வாழைத் தாரையும் பலாவையும் எலுமிச்சையையும் குதிரைகள் பொதியாகச் சுமந்து வரும் காட்சியை இம்மலையில் காணலாம். புவிசார் குறியீடு பெற்ற சிறுமலை வாழைப்பழம் இம்மண்ணுக்கே உரியது. அந்த வாழைக்கும் ஒரு துயர வரலாறு உண்டு. முடிக்கொத்து நோய் பரவி, இப்பகுதியின் மலைவாழைத் தோட்டங்களைப் பெரிதும் அழித்தது. அந்நோயைப் பரப்புவது அசுவினி என்னும் சிறு பூச்சியும், நோயுற்ற தாயிடமிருந்து பெயர்த்து நடப்படும் கன்றும் ஆகும். நினைவுப் பொருளாக ஒரு வாழைக்கன்றைப் பெயர்த்து வண்டியில் ஏற்றுகின்ற விருந்தினர், தாம் அறியாமலே ஒரு தோட்டத்தின் நோயை இன்னொரு தோட்டத்துக்குச் சுமந்து செல்லக்கூடும்.

நாம் ‘கண்டுபிடித்தோம்’ என்று மகிழும் ஒவ்வொன்றும் வேறொருவர் நெடுங்காலமாக அறிந்தது, உழைத்துக் காத்தது என்னும் உண்மை இங்கே புலனாகின்றது. நமக்குப் புதிய ஓடை குதிரைக்காரருக்கு அன்றாடத் தண்ணீர்த் துறை. நாம் ஆளில்லா இடம் என்று எண்ணியது காட்டெருமை நீர் அருந்த வரும் வழி. ஆளில்லாத இடம் உடையவரில்லாத இடம் ஆகாது. இதை மறப்பதே மலையில் நாம் செய்யும் பிழைகளுக்கெல்லாம் வேர்.

நீரும் புல்லும் நெருப்பும் மக்கள் அனைவருக்கும் பொது என்பது நபிமொழியின் கருத்து. இதைக் கொண்டு, ஓடை அனைவருக்கும் பொது, ஆதலால் நம் விருப்பம்போல் பயன்படுத்தலாம் என்று வாதிடுவோர் உண்டு. வணிகம் அறிந்த நம் சமுதாயத்துக்கு இந்த வாதத்தின் குறை எளிதில் விளங்கும். பங்காளி என்பவர் முதலை விருப்பம்போல் செலவழிக்கும் உரிமை பெற்றவரல்லர். மற்றப் பங்காளிகளுக்குக் கணக்குக் காட்டும் கடமை உடையவர். ஓடும் ஆற்றங்கரையில் இருந்து ஒளூச் செய்தாலும் நீரை விரயம் செய்வது விரயமே என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழருக்கு உணர்த்தியதாக அறிவிப்பு உண்டு. ஆறு குறைந்துவிடும் என்பதற்காக அன்று. அளவறியாத கை, அண்டாவின் முன்னும் ஆற்றின் முன்னும் அதே கைதான் என்பதற்காக.

மக்தபில் நம் சிறுவர்கள் தொடக்கத்தில் ஓதும் பாடங்களில் ஒன்று, மல சலம் கழிக்கும் ஒழுங்கு. நீர்த்துறையிலும், மக்கள் நடக்கும் வழியிலும், அவர்கள் இளைப்பாறும் நிழலிலும் அசுத்தம் செய்தல் சாபத்துக்குரியது என்பது அதிலுள்ள நபிமொழி. வீட்டில் கழிப்பறை கட்டிக்கொண்டபின் இது பழைய பாடம் என்று எண்ணியிருந்தோம். கூடாரத்தில் தங்கும் ஓரிரவில் அது மீண்டும் உயிர்பெற்று நம் முன் நிற்கின்றது. நீர்த்துறையும் வழியும் நிழலும் என்ற மூன்று இடங்களும் ஒரு மலை முகாமின் வரைபடம் போலவே இல்லையா?

இனி, உமர் (ரலி) அவர்களின் முதல் வினாவுக்கு வருவோம். மலையில் நம் அண்டை வீட்டார் யார்? அண்டை வீடு என்பதை நாற்புறமும் நாற்பது வீடு வரை எண்ணிய பெரியோர் உண்டு. சமவெளியில் அந்தக் கணக்குச் சரி. மலையிலோ, நாற்பது வீட்டைப் பக்கவாட்டில் எண்ணுவதோடு நீரோட்டத்தின் வழியாகக் கீழ்நோக்கியும் எண்ண வேண்டும். சிறுமலையில் தோன்றும் சந்தனவர்த்தினி திண்டுக்கல் சமவெளியை நோக்கி இறங்குகின்றது. தென்புறச் சரிவின் நீர் குட்லாடம்பட்டியில் அருவியாக விழுகின்றது. பாலமேட்டை அடுத்த சாத்தையாறு அணையும் இம்மலையின் நீரை எதிர்பார்த்தே இருக்கின்றது. மேலே நாம் சவர்க்காரம் தேய்த்துக் குளித்த நீரும், எண்ணெய்ச் சட்டி கழுவிய நீரும், கைதவறி மிதந்து போன நெகிழிப் பையும் சென்று சேரும் இடத்தில் ஒரு குடும்பம் இருக்கின்றது. அவர்கள் முகத்தை நாம் கண்டதில்லை; நம் பெயரை அவர்கள் அறியப்போவதில்லை. முகமறிந்த அண்டை வீட்டாரோடு நன்முறையில் நடப்பதில் உலக நாணமும் கலந்திருக்கும். முகமறியாத இந்த அண்டை வீட்டாரிடம் நடந்துகொள்ளும் முறையிலேயே நம் ஈமானின் தரம் தெரியவரும்.

உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் நாட்டுப்படலம் பாடியபோது, அரபு நாட்டுக்குத் தமிழ் நிலத்தின் வளத்தைத் தந்தார். மலையில் பெய்த மழை வெள்ளமாகி, மலைப்பொருள்களை வாரிக்கொண்டு வயல் நாட்டை அடையும் தமிழ் மரபு அவர் பாட்டிலும் உண்டு. சந்தனமும் அகிலும் சுமந்து வருவதாகப் புலவர்கள் பாடிய ஆறு இன்று எதைச் சுமந்து இறங்குகின்றது என்பதற்கு விடை கூற வேண்டியவர்கள், மலைக்குச் சென்று திரும்பும் நாம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். ஒரு குடும்பம் விட்டுவந்த நான்கு நெகிழிக் குப்பிகளைப் பெரிதாகப் பேசுகின்றீரே, சமவெளியின் நீரைக் கெடுத்தது விடுமுறைக்காரரா, தோல் பதனிடும் தொழிலா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. நம் சமுதாயத்தார் பலர் ஈடுபட்ட தொழிலாதலால் அதை மழுப்பாமல் எதிர்கொள்வதே முறை. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, மாசு செய்தவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்று விதித்தது. அத்தீர்ப்பில் பெயர் சுட்டப்பெற்ற மாவட்டங்களுள் திண்டுக்கல்லும் ஒன்று. பச்சைத் தோல் கெடாதிருக்க உப்பிடப்படுகின்றது. ஊற வைக்கும்போது அந்த உப்பு நீரில் இறங்குகின்றது. கண்ணுக்குத் தெரியும் அழுக்கை நீக்கினாலும், கரைந்த உப்பை நீக்குவது கடினமும் செலவும் மிக்கது. சுத்திகரிக்காமல் விட்ட கழிவு, பல கிணறுகளைக் குடிக்க ஆகாதவை ஆக்கியது. அத்தொழில் ஆயிரக்கணக்கான அடுப்புகளை எரியச் செய்தது. பள்ளிக்கூடங்களையும் பள்ளிவாசல்களையும் எழுப்பியது. அந்த நன்மையும் உண்மை. கெட்ட கிணறும் உண்மை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை அழிக்க இயலாது.

எனவே அந்த மறுப்பு நம் வாதத்தைத் தளர்த்தவில்லை, உறுதிப்படுத்துகின்றது. ஓடையில் சட்டி கழுவுபவரும் வாய்க்காலில் கழிவு விடுபவரும் அளவில் வேறுபட்டவர்கள், எண்ணத்தில் ஒன்றுபட்டவர்கள். ஓடிப்போகும் நீர் நம் செயலையும் கொண்டுபோய்விடும் என்பதே இருவரின் எண்ணமும். கீழே கிணற்றைக் கெடுத்துவிட்டு, தெளிந்த நீரைக் காண மேலே மலை ஏறுகின்றோம். அங்கும் அதே எண்ணத்தோடு சென்றால் ஏறுவதற்கு அதற்கு மேல் மலை ஏது? உமர் (ரலி) அவர்கள் அண்டையும் கொடுக்கல் வாங்கலும் பயணமும் என மூன்றையும் ஒருசேரக் கேட்டதன் நுட்பம் இங்கே விளங்கும். மூன்றிலும் வெளிப்படும் மனிதர் ஒருவரே.

மலைக்கு முதல் உரிமை யாருக்கு என்பதிலும் அவர்களே நமக்கு வழிகாட்டி. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நகீஃ என்னும் புல்வெளியை ‘ஹிமா’ ஆக, அதாவது காக்கப்பட்ட நிலமாக ஒதுக்கினார்கள். உமர் (ரலி) அவர்கள் தம் காலத்து ஹிமாவுக்கு ஹுனைய் என்பவரைக் காவலராக நியமித்து, சில ஆடுகள் மட்டும் உடைய ஏழைகளை உள்ளே விடும்படியும், செல்வம் மிக்க தோழர்களின் மந்தைகளுக்கு அந்தச் சலுகை காட்டாதிருக்கும்படியும் பணித்தார்கள். செல்வர்களின் மந்தை அழிந்தால் அவர்களுக்குப் பேரீச்சந்தோட்டமும் வயலும் உண்டு. ஏழைக்கு அந்த ஆடுகளை விட்டால் வேறில்லை என்பது அவர்கள் காட்டிய காரணம். இந்த அளவுகோலின்படி மலையில் பிழைப்போர் முந்தியவர்; பொழுதுபோக்க வந்தவர் பிந்தியவர். கிணற்றுக்கும் ஆற்றுக்கும் சுற்றிலும் காப்பு எல்லை உண்டென்று ‘ஹரீம்’ என்னும் தலைப்பில் ஃபிக்ஹு நூல்கள் பேசுகின்றன. ஆதலால் வனத்துறை ஓர் எல்லையைத் தடுத்தால், அதை நம் உரிமையில் கைவைப்பதாகக் கருதுவது பொருந்தாது. நம் மாவட்டத்துக் கொடைக்கானலுக்குச் செல்ல 2024 மே 7 முதல் இ-பாஸ் தேவை என்று சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணையால் வந்த முறையும் இவ்வகைப்பட்டதே.

நெருப்பைப் பற்றியும் ஒரு சொல். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீ, மலையேறச் சென்றவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டது. கோடையில் காய்ந்த புல் எவ்வளவு விரைந்து எரியும் என்பதை அந்நாள் காட்டியது. உறங்குமுன் நெருப்பை அணைத்துவிடும்படி நபிகளார் வீட்டுக்குச் சொன்ன அறிவுரை, காட்டுக்கு நூறு மடங்கு பொருந்தும். அனுமதி இல்லாத இடத்தில் அடுப்பே கூடாது. அனுமதி உள்ள இடத்திலும் சாம்பல் குளிரும்வரை நீரூற்றிய பின்னரே பாய் விரிக்க வேண்டும்.

வளைவுகளில் வண்டியை நிறுத்திக் குரங்குக்குப் பிஸ்கட் எறிவதைச் சிலர் ஸதகா என்று கருதுகின்றனர். உயிர்களுக்கு உணவளித்தல் ஸதகாவே, ஐயமில்லை. ஆனால் காட்டில் இரை தேடி வாழும் உயிரைச் சாலைக்குப் பழக்கி, வண்டிச் சக்கரத்துக்கு அருகே கொண்டுவரும் ஈகை அதற்கு நன்மையா? கொடுத்தோம் என்னும் நிறைவு கொடுப்பவருக்கு. அதன் விலை குரங்குக்கு.

இவற்றைச் சொல்வது நம் குடும்பங்கள் மலைக்குச் செல்ல வேண்டாம் என்பதற்காக அன்று. செல்ல வேண்டும், பிள்ளைகளை அழைத்துச் செல்ல வேண்டும். கொண்டு போகும் சாமான்களோடு ஒரு வெற்றுச் சாக்கையும் சேர்த்து எடுத்துச் செல்வோம். திரும்பும்போது அது நிறைந்து வரட்டும். பாத்திரத்தை ஓடையில் கழுவாமல், குடத்தில் நீர் மொண்டு, கரையிலிருந்து விலகிக் கழுவுவோம். மலைக்காரரிடம் வாங்கும் பழத்துக்கு அடாத விலை பேசாதிருப்போம். கீழே யார் இருக்கிறார்கள் என்று பிள்ளைகள் கேட்டால், சந்தனவர்த்தினி செல்லும் திசையைக் காட்டி, அதோ நம் அண்டை வீட்டார் என்று சொல்வோம். நம்மோடு பயணம் வந்த அப்பிள்ளைகள், நாளை நம்மைக் குறித்துச் சான்று சொல்லத் தகுதி உடையவர்கள் என்பதையும் நினைவில் வைப்போம்.