மீதிச் சில்லறை யாருடையது?



ஞாயிறு ஆராதனை முடிந்து குடும்பமாக ஓட்டலுக்குப் போகிறோம். சர்வர் தம்பி இலை போட்டு, தண்ணீர் வைத்து, பிள்ளைகள் கொட்டினதைத் துடைத்து, நாலு தரம் சாம்பாருக்கு ஓடுகிறான். முன்பெல்லாம் பில் கொடுத்த மீதியில் பத்தோ இருபதோ சோம்புத் தட்டிலேயே விட்டு எழும்புவோம். 2016-ல் யுபிஐ வந்தது. இப்போது போனைக் காட்டினால் பைசா சுத்தமாகப் பணம் முதலாளி கணக்குக்குப் போய்விடுகிறது. யாரும் கெட்ட மனதோடு நிறுத்தவில்லை. சில்லறை போயிற்று, அதோடு டிப்ஸும் போயிற்று. ஆனால் அந்தத் தம்பிக்கு அதுதானே பஸ் காசு, பால் காசு!

"பில்லுல உள்ளதைக் கொடுத்தாச்சே, இன்னும் என்ன?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். டிப்ஸ் என்பது தர்மமா, கூலியா? தர்மமானால் கொடாதது குற்றமில்லை. கூலியானால் கொடாதது அநியாயம்.

அமெரிக்காவில் இதற்குச் சட்டமே உண்டு. மத்திய சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். ஆனால் டிப்ஸ் வாங்குகிறவருக்கு முதலாளி 2.13 டாலர் கொடுத்தால் போதும். மீதி டிப்ஸில் வரவேண்டும், குறைந்தால் முதலாளி ஈடுகட்ட வேண்டும். 1991 முதல் அந்த 2.13 மாறவேயில்லை. அங்கே டிப்ஸ் கூலியின் பங்கு. நம் நாட்டில் அப்படியல்ல. சம்பளம் முழுவதும் முதலாளியின் கடமை. ஆகவே இங்கே டிப்ஸ் கடன் அல்ல. கடன் இல்லை என்பதால் பொறுப்பும் இல்லை என்றாகுமா? ஆகாது!

முதலாவது, சாப்பிடுகிறவர்களுக்கு. பில்லில் போடும் ஜிஎஸ்டி அரசாங்கத்துக்குப் போகிறது. சர்வீஸ் சார்ஜைத் தானாகப் பில்லில் சேர்க்கக்கூடாது என்று 2022-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. 2025 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதைக் கொடுத்தாலும் அந்தத் தம்பி கைக்குப் போய்ச் சேரும் என்று நிச்சயமில்லை. 'எல்லாம் பில்லிலேயே அடக்கம்' என்பது மெய்யல்ல.

இரண்டாவது, ஓட்டல் நடத்துகிற விசுவாசிகளுக்கு. கூலிக்காரன் கூலி விடியுமட்டும் உன்னிடம் தங்கக்கூடாது என்ற கட்டளை உங்களுக்குத்தான். "டிப்ஸ் கிடைக்கும்ல" என்று சம்பளத்தைக் குறைக்காதிருங்கள். போனில் கூடுதலாக வந்த டிப்ஸை அன்று இரவே எண்ணிக் கொடுத்துவிடுங்கள்.

மூன்றாவது, பரிமாறுகிற பிள்ளைகளுக்கு. டிப்ஸ் குறையும்போது காரில் வருகிறவன் மேஜைக்கு ஓடவும், பழைய செருப்போடு வந்தவனைக் காக்க வைக்கவும் மனம் சொல்லும். கேளாதிருங்கள். அவனும் அதே விலைதான் கொடுக்கிறான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். டிப்ஸுக்குப் பதிலாகக் கைப்பிரதியை மட்டும் வைத்துவிட்டு வருகிறவர்கள் உண்டு. பசியோடு நிற்கிறவன் அதை எப்படி வாசிப்பான்? பத்து ரூபாய் கொடுத்ததால் "டேய்" என்று கூப்பிட உரிமையும் வந்துவிடாது. கையில் இல்லாதவர் கலங்கவேண்டாம். "சாப்பாடு நல்லா பரிமாறினீங்க தம்பி" என்று வாயாரச் சொல்லலாமே.

இருக்கிறவர்களோ, ஞாயிறு காலை காணிக்கை எடுத்து வைக்கும்போதே இரண்டு பத்து ரூபாய்த் தாள் தனியே வையுங்கள். தட்டில் அல்ல, அவன் கையில் கொடுங்கள். சிந்திப்போமாக!