கலங்கலைத் தாண்டும் பொறுப்பு

வல்லம் பகுதியில் உழவு செய்யும் நம் குடும்பங்களுக்கு ஏரித்தொடர் இன்னதென்று விளக்க வேண்டுவதில்லை. மேலேரி நிரம்பினால் கலங்கல் வழியும்; வழிந்த நீர் கீழேரியைச் சேரும்; அதுவும் நிரம்பினால் அடுத்த ஊர். ஏரிகளைப் புள்ளிகளாகவும் வாய்க்கால்களைக் கோடுகளாகவும் வரைந்து பார்த்தால் கிடைப்பதையே கணித அறிஞர் வலையமைப்பு என்கின்றனர். 1736-இல் ஆய்லர், கோனிக்ஸ்பர்க் நகரின் ஏழு பாலங்களையும் ஒவ்வொரு முறையே நடந்து கடத்தல் இயலாது என நிறுவியதில் இக்கலை தோன்றியது. பாலத்தின் நீளம் அவருக்குப் பொருட்டன்று. எது எதனோடு இணைந்துள்ளது என்பதே பொருட்டு. 1998-இல் வாட்ஸும் ஸ்ட்ரோகாட்ஸும், சில குறுக்கிணைப்புகளே தொலைவிலுள்ள புள்ளிகளை அண்மையாக்கிவிடும் எனக் காட்டினர். (திருமணப் பந்தியில் முன்பின் அறியாத இருவர் இரண்டே கேள்விகளில் உறவுமுறை கண்டுகொள்ளும் நம் சமூகத்தார்க்கு இது வியப்பன்று.)

இங்கே ஓர் அறக்கேள்வி எழுகிறது. நம் செயலின் விளைவு கண்காணாத் தொலைவு செல்லுமாயின், நம் பொறுப்பு எதுவரை செல்லும்?

2012 ஜூலை 30, 31 ஆகிய நாட்களில் வட இந்திய மின்தொகுப்பு சரிந்தது. இரண்டாம் நாள் ஏறத்தாழ 60 கோடி மக்கள் வாழும் பகுதி இருண்டது. ஒதுக்கீட்டுக்கு மேல் மின்சாரம் எடுத்ததும் காரணங்களுள் ஒன்று. ஆயினும் எவரும் இருளை விரும்பி அதனைச் செய்திலர். அன்று ஒருங்கிணையாதிருந்த தென்னகத் தொகுப்பு தப்பியது. அப்படியானால் தனித்திருத்தலே நன்றோ எனச் சிலர் கேட்கலாம். அன்று. 2013 டிசம்பர் 31-இல் தென்னகமும் விரும்பியே இணைந்தது. வரத்துவாய்க்கால் அற்ற ஏரி வெள்ளத்துக்குத் தப்பும், வறட்சிக்குத் தப்பாது.

கலங்கலின்மேல் மணல்மூட்டை அடுக்கி நீர்மட்டத்தை ஓரடி உயர்த்தும் உழவரை எண்ணுவோம். அவர் கருதியது தம் பயிரை மட்டுமே. ஆனால் 2024-இல் ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பெய்தது. அத்தகைய நாளில் அந்த ஓரடி நீர் கரையை உடைக்கும். உடைந்த வெள்ளம் அடுத்த கரையையும் உடைக்கும். "தீங்கு நினைத்திலேன்" என்பது போதிய விடையாகுமா? உமாசுவாமிகள் இம்சைக்கு இலக்கணம் கூறுகையில் பிரமாதத்தை, அதாவது விழிப்பின்மையை, அடிப்படையாக்கினார். அறிய இயலாத விளைவுக்கு எவரும் குற்றவாளியல்லர். அறிந்திருக்கக் கூடியதை அறியாதிருந்தவர் அங்ஙனம் தப்ப இயலாது. வலையமைப்புக் கணிதமோ அறியக் கூடியவற்றின் எல்லையை விரித்துக்கொண்டே போகிறது.

இன்னுமொன்று. பாராபாசி குழுவினர் 2000-இல் காட்டியபடி, சில வலையமைப்புகளில் ஏதோ ஒரு புள்ளி கெடின் பெருந்தீங்கு இல்லை. பல இணைப்புகள் கூடும் மையம் கெடின் முழுதும் சிதறும். அணுவிரதத்தின் சொற்கள் யாவர்க்கும் ஒன்றே. அணையின் மதகைத் திறப்பவர்க்கும், ஒரு செய்தியைக் கைப்பேசியில் நூறு பேர்க்கு அனுப்புபவர்க்கும் அதன் கனம் ஒன்றன்று.

மூட்டையை அகற்றும் உழவர்க்கும் ஒரு நியாயம் உண்டு. கீழூரார் நன்மை பெற, இழப்பைத் தாம் மட்டும் ஏன் தாங்கவேண்டும் என்று அவர் கேட்பார். மேலேரியின் வரத்துவாய்க்காலைத் தூர்வாரக் கீழேரிப் பாசனத்தாரும் ஆளனுப்புவதே அதற்கு முறையான விடையென நமக்குத் தோன்றுகிறது.