கழிவென்று ஒன்று உண்டா?

வீண்விரயம் கூடாது என்பதை நாம் பிள்ளைப் பருவத்திலிருந்தே கேட்டு வருகிறோம். தட்டில் நாலு பருக்கை மிஞ்சினால் நன்னிமார் அதட்டுவார்கள். ஒளுச் செய்யும்போது குழாயை அளவுக்கு மீறித் திறந்துவிட்டால் மோதினார் முறைத்துப் பார்ப்பார். ஆயினும் வீண் என்பது எது, விரயம் என்பது எது என்று நின்று சிந்திப்போர் மிகக் குறைவு. உண்ணத்தக்க ஒன்றை எறிவது விரயம், இதில் ஐயமில்லை. உண்ணத்தகாத ஒன்றை எறிவது? அதனுள் ஒரு பயன் மறைந்திருப்பதை அறியாமல் எறிந்தால் அது விரயமாகுமா? அறிந்த பின்னரும் எறிந்தால்? இவ்வினாக்களை எழுப்பிப் பார்க்க இறாலின் ஓட்டைவிடப் பொருத்தமான பொருள் எனக்குத் தென்படவில்லை.

தாம்பரத்தைக் கடந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலையில், பெருங்களத்தூரை ஒட்டி அமைந்த ஊர் பீர்க்கன்கரணை. தனிப் பேரூராட்சியாக இருந்து, 2021ஆம் ஆண்டில் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்தது. இங்கே ஏரி உண்டு, கடல் இல்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன்கடையின் முன் நின்றால் கடல் எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது என்பது விளங்கும். நாம் ஒரு கிலோ இறால் வாங்குகிறோம். கடையோரம் அரிவாள்மணையுடன் அமர்ந்திருக்கும் அம்மாளிடம் கொடுத்துத் தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து வாங்கி வருகிறோம். வீட்டுக்கு வந்து சேர்வது ஏறத்தாழப் பாதிதான். மற்றப் பாதி ஒரு வாளியில் கிடக்கிறது. வெயில் ஏறுவதற்குள் நாறத் தொடங்கி, லுஹருக்குள் குப்பை வண்டியில் ஏறுகிறது.

ஒரு தெருக்கடையின் வாளிக்கே இந்தக் கதி என்றால், ஏற்றுமதிக் கூடங்களின் கணக்கு என்ன? 2023-24ஆம் ஆண்டில் இந்தியா வெளிநாடுகளுக்கு அனுப்பிய உறைந்த இறால் மட்டும் ஏழு இலட்சம் டன்னுக்கு மேல். அதில் பெரும்பகுதி தலை நீக்கியோ, முழுவதும் உரித்தோ போவது. போனது இறைச்சி, நின்றது தலையும் ஓடும். தூத்துக்குடியிலும் கொச்சியிலும் ஆந்திரக் கரையிலும் அவை மலைபோல் குவிகின்றன. நெடுங்காலம் அவற்றைக் குழி தோண்டிப் புதைத்தார்கள், கடலிலேயே கொட்டினார்கள், காயவைத்துக் கோழித் தீவனத்தில் கலந்தார்கள், தென்னைக்கு எருவாகவும் இட்டார்கள். நம் பழைய சமையற்கட்டு இவ்வளவு ஊதாரியாக இருந்ததில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இறால் தலையை அம்மியில் நசுக்கி, பிழிந்து, அந்தச் சாற்றை ஆணத்தில் சேர்த்த கைகள் இன்னும் சில வீடுகளில் இருக்கின்றன.

இனி, அந்த ஓட்டுக்குள் இருப்பது என்ன? காய்ந்த ஓட்டில் சுண்ணாம்பும் புரதமும் பெரும்பங்கு. எஞ்சியதில் முதன்மையானது கைட்டின் எனும் நார்ப்பொருள். இதை முதன்முதலில் கண்டவர் இறாலைத் தொட்டவரல்லர். 1811இல் பிரெஞ்சு நாட்டு அறிஞர் ஆன்றி பிராக்கொன்னோ காளான்களிலிருந்து இதைப் பிரித்தார். 1823இல் ஓடியே என்பவர் வண்டின் சிறகுறையில் இதே பொருளைக் கண்டு, உடுப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து கைட்டின் என்று பெயரிட்டார். நல்ல பெயர், அது உயிரின் உடுப்புத்தான். 1859இல் ரூழே என்பவர் அதைக் கடுங்காரத்தில் கொதிக்கவைத்தபோது, மென்மையான அமிலத்தில் கரையும் வேறொரு பொருளாக அது மாறியது. அதுவே பின்னர் கைட்டோசான் எனப் பெயர் பெற்றது. 1876இல் லெடர்ஹோஸ் என்னும் ஜெர்மானியர் கைட்டினை அமிலத்தால் சிதைத்துக் குளுக்கோசமைன் என்ற சர்க்கரையைப் பிரித்தெடுத்தார். இறாலைக் கொதிநீரில் இட்டதும் சிவக்கிறதே, அதற்குக் காரணமான அஸ்டாக்சாந்தின் எனும் நிறமியும் அந்த ஓட்டிலேயே இருக்கிறது. பச்சை இறாலில் அது புரதத்தோடு பிணைந்து மங்கிக் கிடக்கும். சூடு பட்டுப் புரதம் நெகிழ்ந்ததும் தன் நிறத்தைக் காட்டும்.

நம் நாட்டிலும் இவ்வேலை நடந்தது. 1957இல் கொச்சியில் அமைந்த மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையத்தில், மாதவன், ராமச்சந்திரன் நாயர் என்ற ஆய்வாளர்கள் இறால் கழிவிலிருந்து கைட்டினைப் பிரித்துக் கைட்டோசானாக மாற்றும் முறையை 1974இல் எழுதி வெளியிட்டனர். முறை கடினமானதன்று. மென்காரம் புரதத்தை நீக்கும். மென்னமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும். கடுங்காரமும் சூடும் கைட்டினைக் கைட்டோசான் ஆக்கும். கலங்கிய நீரில் அதை இட்டால் கலங்கல் திரண்டு அடியில் படிகிறது. காயத்தின்மேல் வைத்து அழுத்தினால் குருதி உறைந்து நிற்கிறது. கைட்டோசான் நேர்மின்னேற்றம் கொண்டது. இரத்தச் சிவப்பணுக்களின் மேற்புறம் எதிர்மின்னேற்றம் கொண்டது. ஆகவே இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அமெரிக்கப் படையினர் இத்தகைய கட்டுத்துணிகளைக் கொண்டு சென்றனர். அந்தப் போர்களைப் பற்றி நமக்குள்ள கருத்து வேறு. காயத்துக்கு மருந்து மருந்துதான்.

இவ்விடத்தில் நம் மேடைப் பேச்சாளர்கள் உற்சாகத்தோடு எழுந்து நிற்பார்கள். "பார்த்தீர்களா, இறைவன் எதையும் வீணாகப் படைக்கவில்லை, விஞ்ஞானம் இன்று மெய்ப்பித்துவிட்டது!" கருத்து சரி, காரணம் சரியன்று என்பதே என் எண்ணம். குளுக்கோசமைன் மாத்திரை செய்யப்படும் வரை இறாலின் ஓடு வீணாகவா இருந்தது? அது இறாலுக்குக் கவசமாயிருந்தது. அது வளர வளரக் கழற்றிப் புதிதாக அணிந்துகொண்ட சட்டையாயிருந்தது. மனிதனின் பைக்குள் பணமாக நுழைந்த பின்னரே ஒரு படைப்பு பொருள் பெறுகிறது என்று சொல்வது இறைவனைப் புகழ்வதாகாது, நம்மையே புகழ்ந்துகொள்வதாகும்.

கடலுக்குள் அந்த ஓடு என்ன ஆகிறது என்பதையும் கேட்க வேண்டும். இறாலும் நண்டும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களும் ஆண்டுதோறும் கழற்றிப் போடும் கைட்டினுக்கு அளவில்லை. அவ்வளவும் ஓயாமல் கடலடிக்கு விழுந்துகொண்டிருக்கிறது. ஆனால் அங்கே குவியல் இல்லை. கலிபோர்னியக் கடற்கரை ஆய்வுக்கூடத்தில் சோபெல், ரிட்டன்பெர்க் என்ற இருவர், கைட்டினைத் தின்று சிதைக்கும் நுண்ணுயிர்கள் கடலெங்கும் இருப்பதை 1938இலேயே எடுத்துக்காட்டினார்கள். அங்கே விழும் ஒவ்வொன்றையும் ஏற்க ஒருவர் காத்திருக்கிறார். அந்த ஓட்டை வாங்கிக்கொள்வோர் இல்லாத இடத்துக்கு, அவர்களால் தாங்கவியலாத அளவுக்கு, நாம் அள்ளிக்கொண்டு வந்து கொட்டினோம். அப்போதுதான் அது கழிவாயிற்று. ஆகவே கழிவு என்பது ஓட்டின் குணமன்று, நம் செயலின் பெயர். இதை ஒப்புக்கொண்டால், ஓட்டில் பயன் காண்பது நாம் உலகுக்குச் செய்யும் உபகாரமாக இராது. கொட்டியவன் அள்ளுவதாகவே இருக்கும்.

அள்ளுவதிலும் நேர்மை வேண்டும். அமிலத்தையும் காரத்தையும் கொண்டு ஓட்டைச் சுத்தம் செய்த ஆலை, அந்நீரை அப்படியே வாய்க்காலில் விட்டால் நாற்றம் நீங்கி நஞ்சு வந்ததாகும். அமிலத்துக்குப் பதிலாகத் தயிரைப் புளிக்கச் செய்யும் வகையைச் சேர்ந்த நுண்ணுயிர்களைக் கொண்டு சுண்ணாம்பைக் கரைக்கும் முறைகள் ஆய்வில் உள்ளன. மெதுவானவை, ஆகவே செலவு கூடியவை. அந்தச் செலவை யார் ஏற்பது என்பதில்தான் பேச்சு நின்றுவிடுகிறது.

பயன் என்று விற்கப்படுவதெல்லாம் பயன்தானா என்பது வேறொரு கேள்வி. முழங்கால் வலிக்கென்று குளுக்கோசமைன் மாத்திரை விழுங்கும் பெரியவர்கள் நம் குடும்பங்களில் பலர். அமெரிக்காவில் 1583 பேரிடம் நடத்திய பெரிய சோதனையின் முடிவு 2006இல் வெளிவந்தது. மொத்தமாகப் பார்த்தால், வெற்று மாத்திரையைவிடக் குளுக்கோசமைன் குறிப்பிடத்தக்க அளவு மேலானதாக இல்லை. வலி மிகுந்த ஒரு சிறு பிரிவினருக்கு மட்டும், வேறொரு மருந்தோடு சேர்த்துக் கொடுத்தபோது பலன் தென்பட்டது. குவியல் இருக்கிறது, ஆகவே அதற்கொரு நோய் தேடுவோம் என்ற நிலைக்கு வணிகம் வந்துவிடக் கூடாது. இல்லாத பயனைச் சொல்லி விற்பதும் ஒருவகை விரயந்தான். அங்கே விரயமாவது முதியவரின் ஓய்வூதியம்.

அம்மாத்திரையைப் பற்றி மார்க்க வினாவும் எழும். கடற்கரை ஊர்களில் வாழும் ஷாஃபிஈ மத்ஹபினருக்குக் கடல்வாழ் உயிரினங்களில் பெரும்பாலும் தடையில்லை. ஹனஃபி மத்ஹபில் மீன் மட்டுமே ஆகும், நண்டு ஆகாது, இறாலை மீனில் சேர்ப்பதா என்பதில் ஆலிம்களிடையே நெடுநாள் வழக்கு உண்டு. நண்டின் ஓட்டிலிருந்து பிரித்து, அமிலத்தில் சிதைத்து, சர்க்கரையாகிவிட்ட பொருள் இன்னும் நண்டுதானா? மது காடியாக மாறினால் விலக்கு நீங்குகிறது என்பதை எல்லோரும் அறிவர். அந்த மாற்றத்தின் அளவுக்கு இதுவும் மாறிவிட்டதா என்பதை ஆலிம்களும் இரசாயனம் கற்றோரும் சேர்ந்தமர்ந்து முடிவு செய்தால் நன்று. ஐயம் தீராதவர்களுக்குச் செடிப்பொருளைப் புளிக்கவைத்துச் செய்யும் குளுக்கோசமைனும் கிடைக்கிறது. காயத்தின்மேல் வைக்கும் கட்டுத்துணியில் இச்சிக்கல் இல்லை. ஓடும் இரத்தமில்லாத உயிர்கள் நஜீஸ் அல்ல என்பது ஹனஃபி நூல்களிலேயே உள்ளது. இன்னொரு நன்மையையும் இங்கே குறிப்பிட வேண்டும். பன்றித் தோலிலிருந்து எடுத்த ஜெலட்டின் உறைகளுக்கு அஞ்சி மருந்தையே ஒதுக்குவோர் நம்மில் உண்டு. மீன் கூடங்கள் எறியும் தோலிலிருந்தும் ஜெலட்டின் எடுக்கலாம், எடுக்கிறார்கள். நம் சமுதாயத்து வணிகர்கள் கவனம் செலுத்தத்தக்க துறை இது.

விலக்கப்பட்டதிலும் பயன் எடுக்கலாமா என்பதற்கு நாம் எடுத்துக்காட்டும் ஹதீஸ் ஒன்று உண்டு. ஓர் ஆடு செத்துக் கிடந்தது. அவ்வழியே சென்ற பெருமானார் (ஸல்) அவர்கள், அதன் தோலை எடுத்துப் பதனிட்டுப் பயன்படுத்தியிருக்கக் கூடாதா என்று வினவினார்கள். அது தானாகச் செத்ததாயிற்றே என்றனர் தோழர்கள். உண்பதுதான் விலக்கப்பட்டது என்று அண்ணலார் விளக்கினார்கள். இதைக் கூறுவோர் தோல், பதனிடுதல், பயன் என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த ஆடு யாருடையது என்பதைக் கடந்து போய்விடுகிறார்கள். அன்னை மைமூனா (ரலி) அவர்களின் விடுதலை பெற்ற பணிப்பெண் ஒருவருக்கு ஸதக்காவாகக் கிடைத்த ஆடு அது. அவருக்கு ஆடு போயிற்று. தோலாவது மிஞ்சட்டும் என்ற பரிவும் அக்கேள்வியில் இருப்பதாக நான் கருதுகிறேன். வழிப்போக்கன் ஒருவன் தோலை எடுத்துக்கொண்டு போய் விற்பதற்கான அனுமதியாக அதை யாரும் படிக்க முடியாது.

இறால் ஓட்டின் கதையில் அந்தப் பணிப்பெண்ணின் இடத்தில் நிற்பவர்கள் உரிக்கும் பெண்கள். பனிக்கட்டி நீரில் கை நனைந்தபடி, மணிக்கணக்காக நின்று, விரல் நுனி வெடிக்க அவர்கள் உரிக்கிறார்கள். கேரளத்திலிருந்து குஜராத்துக் கூடங்கள் வரை சென்று தங்கி உழைத்த இளம்பெண்களின் நிலை 1990களில் பலராலும் பேசப்பட்டது. உரித்தெடுத்த இறைச்சியின் எடைக்கே கூலி என்பது பல இடங்களில் வழக்கம். ஓட்டுக்கு விலை இல்லாதவரை அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை; அதை அகற்றவே முதலாளி செலவு செய்தார். இன்றோ அதே ஓட்டை வாங்க ஆலைகள் உள்ளன. இறைச்சியையும் ஓட்டையும் ஒரே அசைவில் பிரித்துக் கொடுத்த விரலுக்கு இறைச்சிக்கு மட்டுமே கூலி.

ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே, சரக்கு முதலாளியுடையது, அதன் ஓடும் அவருடையது என்று வாதிக்கலாம். சட்டத்தின் கண்ணில் அது நிற்கும். ஆனால் கூலி பேசிய நாளில் இருதரப்பாரும் ஓட்டைக் குப்பை என்றே எண்ணிப் பேசினார்கள். எண்ணம் பொய்யென்று தெரிந்த பிறகும், தெரியாத காலத்துக் கூலியையே நீட்டிக்கொண்டு போவது நீதிக்குப் பொருந்துமா? பொருந்தாது என்றே எனக்குப் படுகிறது. பீர்க்கன்கரணைக் கடையோரம் உரிக்கும் அம்மாளாவது வாளியைத் தம்முடையதாக வைத்துக்கொள்ளலாம்; நாம் விட்டுச் சென்றதை எடுப்பவருக்கு அது ஆகும். ஏற்றுமதிக் கூடத்துப் பெண்ணுக்கு அந்த உரிமையும் இல்லை. வாசலைத் தாண்டும்போது பையைச் சோதிப்பார்கள். கூலி பேசும் இடத்தில் இறைச்சிக்கு ஒரு தராசு இருப்பதுபோல் ஓட்டுக்கும் ஒன்று வைப்பது கடினமான காரியமன்று. ஓடு வாங்க வரும் வியாபாரி அதை எடை போட்டுத்தான் ஏற்றிச் செல்கிறார்.