நம்பர் 311-க்கு ஒரு பெயர்

1942-ம் வருடக் கடைசி. உலகப் போர் உச்சத்தில் இருக்கிறது. வட ஆப்பிரிக்கா, அட்லாண்டிக், பர்மா என்று பிரிட்டனுக்கு நாலா பக்கமும் தலைவலி. இதற்கு நடுவே பிரதமர் சர்ச்சில், கடற்படைத் தலைமைக்குக் குறிப்பு மேல் குறிப்பாக எழுதிக்கொண்டிருந்தார். என்ன விஷயம்? சப்மரீன்களுக்குப் பெயர் வையுங்கள்!

முன்பெல்லாம் பெயர் இருந்தது. உதாரணமாக, 'டி' வகுப்பு நீர்மூழ்கிகள். மொத்தம் 53 கட்டினார்கள். டி எழுத்தில் தொடங்கும் பெயர்கள்தான் வைப்பது என்று ஏற்பாடு. ட்ரைட்டன், ட்ரூவன்ட், டார்பே, டர்புலென்ட்... போர் வந்து அவசர அவசரமாகக் கப்பல் கட்ட ஆரம்பித்ததும் சம்பிரதாயம் போயிற்று. 'பி' போட்டு ஒரு நம்பர். தீர்ந்தது வேலை.

நிர்வாகத்துக்கு நம்பர்தான் சௌகரியம். ஃபைலில் எழுத சுலபம், தந்தியில் அனுப்ப சுலபம். இரும்புக்கு எதற்கய்யா பெயர் என்று யாராவது கேட்டால், அதுவும் நியாயம்தான். சர்ச்சில் வேறு மாதிரி யோசித்தார். அந்த இரும்புக்குள் மனிதர்கள் இருக்கிறார்கள். உயிரைப் பணயம் வைத்துப் போகிறார்கள். ஒரு பெயர்கூட வைக்காமல் அனுப்புவது அவர்கள் தியாகத்தை மட்டம் தட்டுவது போல, என்றார். தானே சில பெயர்களை எழுதிக் கொடுத்தார். அகராதியைப் புரட்டுங்கள், இரண்டு வாரத்தில் வேலையை முடியுங்கள் என்று விரட்டினார்.

பெயர்கள் வந்தன. ஒரே ஒரு 'டி' கப்பலுக்கு மட்டும் வந்து சேரவில்லை.

அது பி-311. மனிதர்கள் மேலே உட்கார்ந்து ஓட்டிப் போகிற டார்பிடோக்களைச் சுமந்துகொண்டு சார்டினியா தீவுப் பக்கம் போனது. லா மடலேனா துறைமுகத்தில் நிற்கும் இத்தாலியப் போர்க்கப்பல்களைத் தாக்கத் திட்டம். 1942 டிசம்பர் 31-ல் ஒரு செய்தி வந்தது. அதோடு சரி. கண்ணிவெடியில் மாட்டி, 71 பேரோடு மூழ்கிவிட்டது. 2016-ல்தான் கடலடியில் கண்டுபிடித்தார்கள்.

அதற்கு வைக்க இருந்த பெயர் என்ன தெரியுமா? துட்டன்காமன்.

எகிப்திய ராஜா. இவன் பெயரைப் பின்னால் வந்தவர்கள் அரசர் பட்டியலிலிருந்தே தூக்கிவிட்டார்கள். பெயரும் ஆன்மாவின் ஒரு பகுதி, பெயரைச் சொல்ல ஆள் இருக்கிறவரை செத்தவனுக்கு வாழ்வு உண்டு என்று நம்பிய ஊர் அது. அதனால் பெயரை அழிப்பது இரண்டாவது முறை கொல்வதற்குச் சமம். அப்படி அழிக்கப்பட்டவனின் பெயர், அதைச் சூட்டிக்கொள்வதற்குள் மூழ்கிப்போன ஒரு கப்பலுக்கு! விதிக்கு சில சமயம் குரூரமான நகைச்சுவை உணர்ச்சி.

பெயர் வைப்பது எப்போதும் மரியாதைக்காகத்தானா? அப்படியும் சொல்ல முடியாது. இதே 'டி' வகுப்பில் தீட்டிஸ் என்று ஒரு கப்பல். 1939 ஜூன் 1-ம் தேதி லிவர்பூல் விரிகுடாவில் சோதனை ஓட்டம். டார்பிடோ குழாயில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சின்ன துவாரம் உண்டு. அது பெயின்ட்டில் அடைத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் இல்லை என்று நினைத்து உள்கதவைத் திறந்தார்கள். கடல் உள்ளே வந்தது. 103 பேரில் 4 பேர்தான் பிழைத்தார்கள். கப்பலை மேலே தூக்கி, ரிப்பேர் பார்த்து, 'தண்டர்போல்ட்' என்று புதுப் பெயர் வைத்துப் போருக்கு அனுப்பினார்கள். 99 பேர் செத்த இடத்தில் படுத்துத் தூங்கப் புதிதாக ஆள் வர வேண்டுமே! ஆக, நினைவில் வைக்கவும் பெயர், மறக்கவைக்கவும் பெயர். 1943 மார்ச்சில் அதுவும் சிசிலி அருகே எல்லோரோடும் போயிற்று.

எதிர்ப் பக்கம் பாருங்கள். ஜெர்மானியர் கடைசி வரை தங்கள் நீர்மூழ்கிகளை நம்பரோடுதான் ஓட்டினார்கள். நாலு பேர் போனால் ஏறக்குறைய மூன்று பேர் திரும்பவில்லை. கீல் நகருக்குப் பக்கத்தில் அவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது. கப்பலுக்கு நம்பர்தான். ஆனால், அதன் கீழே செத்தவர்களின் பெயர்கள். அப்படியானால் முக்கியம் எது என்று புரிகிறது, இல்லையா? இரும்பு எப்படியோ போகட்டும், உள்ளே இருந்தவனுக்குப் பெயர் வேண்டும்.

இப்போதுதான் கஷ்டமான கேள்வி வருகிறது. 'டிரேட்விண்ட்' என்று இன்னொரு 'டி' கப்பல். திருகோணமலையிலிருந்து ரோந்து போன நீர்மூழ்கிகளில் ஒன்று. 1944 செப்டம்பர் 18-ல் சுமத்ரா கரையோரம் 'ஜுன்யோ மாரு' என்ற ஜப்பானியக் கப்பலை மூழ்கடித்தது. உள்ளே இருந்தது யார் என்று அந்த மாலுமிகளுக்குத் தெரியாது. ரயில் பாதை போட அழைத்துப் போகப்பட்ட போர்க் கைதிகளும் ஜாவா கூலிகளும். செத்தவர்கள் சுமார் 5,600 பேர். கைதிகள் ராணுவத்தினர், அவர்களுக்குப் பெயர்ப் பட்டியல் உண்டு. ஜாவாக்காரர்கள் ஏறக்குறைய 4,000 பேர். அவர்களில் பெரும்பாலானவர்களுக்குப் பட்டியலே கிடையாது.

சுட்ட கப்பலுக்குப் பெயர் இருந்தது. மூழ்கிய கப்பலுக்கும் பெயர் இருந்தது.

காமர்ஸ் படித்தவர்களுக்கு 'சஸ்பென்ஸ் அக்கவுன்ட்' தெரியும். யார் கணக்கு என்று புரியாத தொகையை, ஆள் தெரிகிறவரை அதில் போட்டு வைப்பார்கள். அதில் ஒரு ரூபாய் நின்றாலும் ஆடிட்டர் கேள்வி கேட்பார். இந்த 4,000 பேரும் அந்தக் கணக்கில்தான் நிற்கிறார்கள். கேட்கத்தான் ஆள் இல்லை. சயாம்-பர்மா ரயில் பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து போய்ச் செத்த நம் தமிழர்களில் பலருக்கும் இதே கதி.

சர்ச்சில் சொன்னது சரி. சாகப் போகிறவனை நம்பராக அனுப்பக் கூடாது. ஆனால், அந்த நியாயம் தன் கப்பலின் இரும்புச் சுவரோடு நின்றுவிடலாமா? நம் ஆட்களுக்குப் பெயர் வைப்பது பாசம். அதை யாரும் செய்வார்கள். யாரென்றே தெரியாதவனுக்கும் வீட்டில் அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்ப்பதுதான் அறம்.