சமயம் எது? ஆளைச் சுற்றிய கூட்டம் எது?

உ
சிவமயம்



கடந்த ஆண்டு மகோற்சவம் நிறைவெய்திய மறுநாள், எங்கள் ஊர்த் தாய் ஒருவர் என்னைத் தேடி ஆலய மடத்துக்கு வந்தார். கணவரை இழந்தவர். ஒரே மகன் கொழும்பிலே வேலை பார்க்கிறான். இரண்டு வருடங்களுக்கு முன் யாரோ ஒரு சாமியாரின் கூட்டத்தில் அவன் சேர்ந்திருக்கிறான். அதன் பின்னர் வீட்டுக்கு வருவது குறைந்தது. தகப்பனின் திவசத்துக்கும் வரவில்லை. தன் பெயரில் எழுதிய காணித்துண்டை விற்க வேண்டும் என்று மட்டும் தொலைபேசியில் சொன்னானாம்.

"அண்ணை, அவன் குடிக்கேல்லை, கெட்ட சகவாசமும் இல்லை. சாமியெண்டுதானே போறான். பிறகேன் எனக்கு இப்பிடி வயிறு எரியுது?" என்று அந்தத் தாய் கேட்டார்.

அன்று என்னிடம் சரியான பதில் இருக்கவில்லை. "எல்லாம் நல்லதுக்குத்தான் பிள்ளை" என்று ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தப் பதில் எனக்கே திருப்தி தரவில்லை. ஒரு வருடமாக யோசித்தும், படித்தும், பெரியோரைக் கேட்டும் அறிந்தவற்றை இம்மலரில் எழுதுவது அந்தத் தாய்க்கு நான் கொடுக்க வேண்டியிருந்த பதிலேயாம்.

ஆங்கிலத்தில் 'கல்ட்' என்றொரு சொல் உண்டு. அதன் லத்தீன் மூலத்துக்கு வழிபாடு என்பதே பொருள். இன்றோ ஒரு மனிதரைச் சுற்றித் திரண்டு, அவர் சொல்லே வேதம் என்று தம் அறிவையும் உடைமையையும் ஒப்படைத்துவிட்ட கூட்டத்தையே அது பெரும்பாலும் குறிக்கின்றது. இதற்குத் தமிழில் நேரான ஒரு சொல் இல்லை. ஆகவே 'ஆளைச் சுற்றிய கூட்டம்' என்றே இங்கு எழுதுகிறேன்.

முதலில் ஒரு பிழையான எண்ணத்தை அகற்ற வேண்டும். நமக்குப் பழக்கமில்லாத வேற்றுச் சமயத்தையோ, ஆட்தொகை குறைந்த சிறு சபையையோ இவ்வாறு பெயரிட்டு இகழ்வது தவறு. எந்தச் சமயமும் சிறு குழுவாகத்தான் தொடங்கியது. அதேபோல, வெளிச் சின்னங்களைக் கண்டு ஒன்றைச் சமயம் என்று நம்பிவிடுவதும் தவறு.

யப்பானிலே ஷோகோ அசஹாரா என்பவர் 1984ஆம் ஆண்டில் ஒரு யோகப் பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். அது வளர்ந்து 'ஓம் ஷின்ரிக்கியோ' என்ற இயக்கமாயிற்று. பெயரின் முதற்சொல் நமது பிரணவம். அவர்கள் தலைமைத் தெய்வமாகக் கொண்டது சிவபெருமானை! வைத்தியர்களும் விஞ்ஞானப் பட்டதாரிகளும் அதில் சேர்ந்திருந்தனர். 1995 மார்ச் 20ஆம் திகதி காலை, அவ்வியக்கத்தினர் டோக்கியோ நகரின் நிலக்கீழ் ரயில்களில் சரின் என்னும் நச்சு வாயுவைப் பரப்பினர். பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர், ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டனர். அசஹாரா 2018 யூலையில் தூக்கிலிடப்பட்டார். பிரணவத்தை உச்சரித்த வாய் கொலைக்குக் கட்டளையிட்டது.

இது எங்கோ தூரதேசத்துக் கதை என்று நாம் ஆறுதலடையவும் முடியாது. மாத்தளையில் பிறந்து, 1984இல் தமிழகம் சென்று ஆச்சிரமம் நடத்திய பிரேமானந்தா, பாலியல் வன்முறை, கொலை ஆகிய குற்றங்களுக்காக 1997இல் ஆயுள் தண்டனை பெற்று, 2011இல் கைதியாகவே மரணமானார். அங்கும் விபூதி இருந்தது, லிங்கம் இருந்தது.

ஆகவே சின்னங்களைக் கொண்டு பிரித்தறிய இயலாது. பின் எதைக் கொண்டு அறிவது? மூன்று கேள்விகள் போதும் என்று எனக்குத் தோன்றுகின்றது.

முதலாவது: அங்கே கேள்வி கேட்கலாமா?

நமது மரபிலே நக்கீரர் இறைவனின் பாட்டிலேயே குற்றம் கண்டார். நெற்றிக்கண்ணைக் கண்டும் தம் கருத்தை மாற்றவில்லை என்று திருவிளையாடற் கதை கூறுகின்றது. அந்த நக்கீரரைச் சைவ உலகம் தள்ளி வைக்கவில்லை. அவர் பாடியதாகக் கொள்ளப்படும் திருமுருகாற்றுப்படையைப் பதினோராம் திருமுறையிலே சேர்த்துப் போற்றுகின்றது. மெய்கண்டாரிடம் அருணந்தி சிவாசாரியார் பணிந்து வரவில்லை. மடக்குவதற்கே வந்தார், கேள்வி கேட்டார், விடை பெற்ற பின்னரே மாணவரானார். அவர் இயற்றிய சிவஞான சித்தியார் பரபக்கத்திலே பதினான்கு பிற மதங்களின் கொள்கைகளை முதலில் எடுத்துரைத்து, அதன் பின்னரே மறுக்கின்றார். எதிராளியின் வாதத்தைக் கேட்கவே கூடாது என்பது நம் சமயம் அன்று.

குருவழிபாடு சைவத்துக்கு அந்நியமானதன்று. குருவின்றி ஞானமில்லை என்பதே நம் துணிபு. ஆனால் நம் குருமார் எப்படி இருந்தார்கள்? நல்லூர்த் தேரடியில் இருந்த செல்லப்பா சுவாமிகள் தம்மை வணங்க வந்தவர்களை ஏசித் துரத்தினார். பைத்தியம் என்று ஊர் சொன்னதையும் பொருட்படுத்தவில்லை. அவருடைய சீடர் யோகர் சுவாமிகள் கிளிநொச்சியில் களஞ்சியப் பொறுப்பாளராக அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். பின்னர் கொழும்புத்துறையிலே ஒரு சிறு கொட்டிலில் நெடுங்காலம் வாழ்ந்து 1964இல் சமாதியடைந்தார். பணக்காரனையும் படித்தவனையும் அவரும் ஏசித்தான் அனுப்பினார். கூட்டம் சேர்ப்பவர் இப்படி நடந்துகொள்வாரா? உண்மையான குரு சீடனைச் சிவனிடம் அனுப்பிவிட்டுத் தாம் விலகி நிற்பார். மற்றவரோ சிவனுக்கும் சீடனுக்கும் நடுவிலே வந்து நின்றுகொள்வார்.

இரண்டாவது: உள்ளே போகும் வாசலால் வெளியே வரலாமா?

அமெரிக்கரான ஜிம் ஜோன்ஸ் என்பவர் தம் அடியார்களைத் தென் அமெரிக்காவிலுள்ள கயானா நாட்டின் காட்டுப் பகுதிக்கு அழைத்துச் சென்று, ஜோன்ஸ்டவுண் என்ற குடியிருப்பை அமைத்தார். வந்தவர்களின் கடவுச்சீட்டுகள் வாங்கி வைக்கப்பட்டன. 1978 நவம்பரில் லியோ றையன் என்ற அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினர் நிலைமையைப் பார்வையிடச் சென்றார். சிலர் தம்மையும் அழைத்துச் செல்லும்படி அவரிடம் வேண்டினர். வெளியேறப் புறப்பட்ட அந்த 18ஆம் திகதியே விமான ஓடுபாதையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அன்றைய தினமே ஜோன்சின் கட்டளைப்படி நஞ்சு கலந்த பானம் கொடுக்கப்பட்டது. அங்கு மாண்டவர்கள் 900 பேருக்கு மேல். அவர்களில் ஏறத்தாழ 300 பேர் சிறுவர்கள். சிலர் வெளியேற விரும்பியதைக் கூட அந்தத் தலைவரால் தாங்க முடியவில்லை.

நம்மிடையே திருநாவுக்கரசு நாயனாரின் வரலாற்றை எண்ணிப் பாருங்கள். அவர் சைவத்தை விட்டுச் சமணம் சென்று தருமசேனர் என்ற பெயருடன் தலைமை பெற்றிருந்தவர். தமக்கையார் திலகவதியார் சண்டை பிடிக்கவில்லை, சாபமிடவில்லை. திருவதிகையிலே அலகிட்டு, மெழுகி, பூமாலை கட்டி, தம்பிக்காக இறைவனை வேண்டியிருந்தார். சூலை நோயோடு அவர் திரும்பி வந்தபோது, "ஏன் போனாய்?" என்று கேளாமல் திருநீறு கொடுத்தார். அதன் பின் நாவுக்கரசரை நீற்றறையில் இட்டதும், நஞ்சூட்டியதும், கல்லிலே கட்டிக் கடலில் எறிந்ததும் பெரியபுராணம் கூறும் செய்திகள். சமணம் உயர்ந்த அறங்களைப் போதித்த பழஞ்சமயம். அதைக் குறை கூறுவது என் நோக்கமன்று. வெளியேறியவனை விடமாட்டோம் என்ற மனிதரின் பிடிவாதமே அங்கு குற்றம். அப்பிடிவாதம் எந்தச் சமயத்தில் தலையெடுத்தாலும், எங்களிடம் தலையெடுத்தாலும், குற்றமே.

"துறவிகளும் பெற்றோரை விட்டுத்தானே போனார்கள்?" என்று ஒருவர் கேட்கலாம். போனார்கள். ஆனால் பட்டினத்தடிகள் தாய் இறந்தபோது வந்து தம் கையாலேயே ஈமக்கடன் செய்தார் என்பது வரலாறு. ரமண மகரிஷி தம் தாயாரைத் திருவண்ணாமலையிலே தம்முடன் வாழ அனுமதித்து, 1922இல் அவரின் இறுதி நேரத்தில் அருகிருந்தார். துறவி பற்றை விடுகிறார், அன்பை விடுவதில்லை. தாயின் குரலுக்கே அஞ்சுகின்ற இடத்தில் துறவு இல்லை.

மூன்றாவது: கணக்குக் காட்டுகிறார்களா?

நான் கச்சேரியிலே எழுதுவினைஞனாகக் காலம் கழித்தவன். பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு சதமும் நகராது என்ற பழக்கத்தில் ஊறியவன். ஆகையால் இந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தமானது. அடியாரின் உடைமை முழுவதையும் வாங்கிக்கொண்டு, அதைப் பற்றிப் பேசுவதே பாவம் என்று சொல்லும் இடம் ஐயத்துக்குரியது. நம் முன்னோர் அப்படிச் சொல்லவில்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களிலே யார் கொடுத்த நகை, அதன் நிறை என்ன, எந்தப் பணியாளருக்கு என்ன கொடுப்பனவு என்பதெல்லாம் கல்லிலே வெட்டப்பட்டுள்ளன. ஊரார் எவரும் பார்க்கக்கூடிய கணக்கு அது. சோழர் காலத்தில் கோயிற் காணி, பொருள் தொடர்பான கொடுக்கல் வாங்கல்கள் சண்டேசுவரர் பெயரிலேயே நடந்தன. இன்றும் நாம் கோமுகைக்கு அருகே சண்டேசுவரர் சந்நிதியில் மெல்லக் கைதட்டுகிறோம். சிவன் சொத்தில் ஒன்றையும் எடுத்துச் செல்லவில்லை என்று கை காட்டுவதாக எங்கள் பெரியோர் சொல்லித் தந்தார்கள். அடியாருக்கு மட்டுமன்றி, தர்மகர்த்தாவுக்கும் அதுவே விதி.

இங்கேதான் என் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சில வருடங்களுக்கு முன் எமது ஆலயப் பொதுக்கூட்டத்தில் ஓர் இளைஞன் எழுந்து, மண்டபத் திருப்பணிக் கணக்கில் ஒரு விளக்கம் கேட்டான். கணக்கிலே பிழை இருக்கவில்லை. ஆயினும் எனக்குக் கோபம் வந்தது. "நேற்றுப் பிறந்த பொடியன், கோயில் காரியத்தில் கேள்வி கேட்கிறாயோ? இரு கீழே" என்று சபை நடுவே அதட்டினேன். அவன் இருந்துவிட்டான். மறுவருடம் அவன் கூட்டத்துக்கு வரவில்லை. கோயிலுக்கு வருவதும் குறைந்தது.

அவன்தான் அந்தத் தாயின் மகன்.

நான் அதட்டியதால்தான் அவன் அங்கு போனான் என்று சொல்ல எனக்கு ஆதாரமில்லை. ஆனால் கேள்வி கேட்ட பிள்ளைக்கு நாங்கள் ஒரு கதிரையும் ஒரு விடையும் கொடுக்கவில்லை என்பது உண்மை. அந்த வேளையில் எங்கள் சபையும் கொஞ்சம் ஆளைச் சுற்றிய கூட்டமாகத்தான் இருந்தது. அந்த ஆள் நான்.

அடியார்களே, மேற்சொன்ன மூன்று கேள்விகளும் பிறரை அளப்பதற்கு மட்டும் உரியவை அல்ல. கேள்விக்கு இடம், வெளியேறியவர் திரும்ப ஒரு வாசல், வெளிச்சத்தில் ஒரு கணக்கு ஆகிய மூன்றும் இல்லாவிட்டால், ஆயிரம் வருடப் பழமையுள்ள கோயிலும் ஒரு கூட்டமாகச் சுருங்கிவிடும். இவ்வருடப் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கையை வாசித்து முடித்ததும், "கேள்வி உள்ளவர்கள் எழும்புங்கோ" என்று நானே கேட்க எண்ணியிருக்கிறேன்.

அண்மையில் அந்தத் தாயின் வீட்டுக்குச் சென்று, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "தங்கச்சி, அவனோடை வாதாட வேண்டாம். அந்தச் சாமியாரையும் திட்ட வேண்டாம். காணி உறுதியிலை மட்டும் அவசரப்பட்டுக் கையெழுத்து வைக்காதை. சாப்பிட்டியோ எண்டு கேட்டு ஒவ்வொரு கிழமையும் கதை. திலகவதியார் செய்தது அதுதான்" என்றேன். அவர் சிறிது நேரம் பேசாமலிருந்தார். பின்னர், "போன கிழமை எடுத்தவன் அண்ணை. இந்த முறை தேர் எத்தினையாந் திகதி எண்டு கேட்டவன்" என்றார்.

தேர்த்திருவிழாவில் வடம் பிடிக்கும் கைகளுக்குள் அவன் கையும் சேர வேண்டும் என்று எல்லாம் வல்ல சிவபெருமானைப் பிரார்த்திக்கிறேன். அவன் வந்தால் ஒருவரும் "இவ்வளவு நாளும் எங்கே போனாய்?" என்று கேட்க வேண்டாம். திருநீறு கொடுங்கள். அதுவே சமயம்.

திருச்சிற்றம்பலம்.

– தர்மகர்த்தா சபை உறுப்பினர் ஒருவர்