நடுச்சாமத்தில் தட்டுகிற கை



பொதுக்காலத்தின் 17ஆம் ஞாயிறான இன்று, லூக்கா நற்செய்தியின் 11ஆம் அதிகாரத்தில் ஒருவர் நடுச்சாமத்தில் நண்பரின் கதவைத் தட்டுகிறார். தூரத்திலிருந்து வந்த விருந்தாளிக்குப் போட வீட்டில் ஒன்றுமில்லை. மூன்று அப்பம் வேண்டும். உள்ளே இருப்பவரோ பிள்ளைகளோடு படுத்துவிட்டார்.

நம் ஊருக்கு இது புதுக்கதை அல்ல. போர்வெல் போடும் ரிக் வண்டியோடு வடக்கே போன கணவர் திரும்பி வர மாதங்கள் ஆகும். லாரிக்குப் போனவர் இன்றிரவு எந்த ஊரில் லோடு இறக்குகிறாரோ, வீட்டுக்குத் தெரியாது. குழந்தைக்குக் காய்ச்சல் ஏறிவிட்டால் அந்தத் தாய் எங்கே போவாள்? "அக்கா, கொஞ்சம் எந்திரிங்க" என்று பக்கத்து வீட்டுக் கதவைத்தான் தட்டுவாள். பைக் எடுக்க ஒரு ஆள், கையில் ஐந்நூறு ரூபாய், மூத்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு பாட்டி. நம் ஊர் இத்தனை காலம் பிழைத்தது இந்தக் கைமாத்தில்தான்.

இந்த உவமையில், உள்ளே இருப்பவர் எழுந்து வரக் காரணமான ஒரு சொல் இருக்கிறது. கிரேக்க மூலத்தில் அதற்கு வெட்கம் பாராமை என்று பொருள். அந்தச் சொல்லை நான் பலநாள் யோசித்துப் பார்த்தேன். இன்றைக்கு நம் தெருக்களில் வெட்கம்தான் பெருகிவிட்டது. "யார் வீட்டு வாசல்ல போயி நிக்கறது சாமி?" என்று பாவசங்கீர்த்தனத்துக்கு வெளியே என்னிடம் சொல்லி அழுகிறவர்கள் உண்டு. பக்கத்து வீட்டில் கேட்கக் கூசி, குழுக்கடனில் வாங்குகிறோம். ஒருத்தி வாரத் தவணை கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்ட வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. நேற்றுவரை ஆழாக்கு அரிசி கொடுத்த அக்காவே இன்று தவணை கேட்டு வாசலில் நிற்கிறாள். அவளைக் குறை சொல்ல முடியாது, அவளுக்கும் நெருக்கடி. ஆனால் அந்த வாசலை இனி எந்த இரவில், எந்த முகத்தோடு தட்டுவது?

ஒன்றைக் கவனியுங்கள். அந்த மனிதர் தனக்காகக் கேட்கவில்லை. முதல் வாசகத்தில் ஆபிரகாமும் தனக்காகக் கேட்கவில்லை. தன் ஊர்கூட அல்லாத சோதோமுக்காக 50 பேரிலிருந்து 10 பேர்வரை ஆண்டவரிடம் மன்றாடிக்கொண்டு நிற்கிறார். அடுத்தவருக்காகக் கேட்கும்போது மனிதருக்கு வெட்கம் விட்டுப்போகிறது.

பத்து நாளுக்கு முன்பு, ஆடி முதல் நாளில், தெருவெல்லாம் தேங்காய் சுட்டார்கள். தேங்காய்க் கண்ணைத் துளைத்து, பச்சைப்பயறு, எள், பொட்டுக்கடலை, வெல்லம் நிரப்பி, அழிஞ்சில் குச்சியில் செருகி, பிள்ளைகள் நெருப்பைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். நம் பங்குப் பிள்ளைகளும் இருந்தார்கள். உடைத்த தேங்காய் யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் புகை வாசனையில் எனக்கு மனம் நிறைந்தது. ஆனால் காலனித் தெருவில் அந்த நெருப்பு தனியாக எரிந்தது. அங்கே சுட்ட தேங்காய் இந்தப் பக்கம் வரவில்லை. இதை நான் இந்தப் பீடத்தில் நின்று சொல்லாமல் வேறெங்கே சொல்வேன்?

இந்தப் பிரிவு நேற்று வந்ததல்ல. 1623இல் தத்துவ போதகர் என்று அழைக்கப்பட்ட இயேசு சபைக் குரு இராபர்ட் தே நோபிலி மதுரையிலிருந்து நம் பகுதிக்கு வந்தார். சேந்தமங்கலத்தை ஆண்ட இராமச்சந்திர நாயக்கர் அவரை அன்போடு ஏற்றார். சேலத்திலோ தொடக்கத்தில் ஒரு வீடும் திறக்கவில்லை. திறந்த மண்டபத்தில் தங்கினார். நம் விசுவாசம் இந்த மண்ணுக்கு வாசலுக்கு வெளியே நின்ற ஒருவரோடுதான் வந்தது. அதே நோபிலி பிராமணச் சந்நியாசியின் ஆசாரத்தோடு வாழ்ந்தார். ஒதுக்கிவைக்கப்பட்டவர்களின் வீட்டுக்குள் பகிரங்கமாகப் போக அந்த ஆசாரம் விடவில்லை. அவர்களோடு பழக, பிறகு பண்டாரசாமிகள் என்று தனிக் குருக்கள் ஏற்பட வேண்டியிருந்தது. அந்தக் காலம் அப்படி என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. 400 ஆண்டுகள் ஆகிவிட்டன. நாம் ஒரே பீடத்தில் ஒரே அப்பத்தை வாங்கிக்கொண்டு, வெளியே போனதும் இரண்டு தெருவாகப் பிரிகிறோம்.

காலனித் தெருவில் உள்ளவர்கள் நம் வாசலைத் தட்டியதில்லை என்று நினைக்கிறோமா? தட்டியிருக்கிறார்கள். பின்வாசலில் நின்று, குரலைத் தாழ்த்தி. நாம் அவர்கள் கதவைத் தட்டி ஒரு வாய் தண்ணீர் கேட்டிருக்கிறோமா? கேட்பது கடினம் என்று எனக்குத் தெரியும். கொடுக்கிறவனாக நிற்பது எளிது. கையேந்தும்போதுதான் சாதி விட்டுப்போகும்.

அதனால் இந்த வாரம் அன்பியக் கூட்டத்தைப் புதன்கிழமை இரவு 7 மணிக்குக் காலனித் தெருவில், அந்தத் தெருவின் கடைசி வீட்டில் வைத்திருக்கிறோம். அந்த வீட்டம்மா சோறு ஆக்குகிறேன் என்று சொல்லியிருக்கிறார். யாரும் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வராதீர்கள். நானும் பசியோடுதான் வருவேன்.