வானூர்தியில் கொசுவும் கொல்லாமையும்

வான்வழிப் பயணம் இன்று இல்லறத்தார் பலருக்கும் இயல்பாகிவிட்டது. அப்பயணத்தில் நம்முடன் ஏறிவிடும் சிற்றுயிர்களைப் பற்றி நாம் எண்ணுவதில்லை. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து முதலிய நாடுகள், தம் மண்ணில் வந்திறங்கும் வானூர்திகளில் பூச்சிகொல்லி பயன்படுத்தப்பட வேண்டும் என விதித்துள்ளன. பயணிகள் ஏறுமுன்னோ, அவர்கள் அமர்ந்திருக்கும்போதோ மருந்து தெளிக்கப்படுவதுண்டு. சுமார் எட்டு வாரம் வீரியம் நிலைக்குமாறு, பெர்மெத்ரின் என்னும் மருந்தை உட்புறம் முழுதும் படியச் செய்வதும் உண்டு. கொல்லாமையைத் தலையாய அறமெனப் போற்றும் நாம் இதனை எங்ஙனம் நோக்குவது?

இவ்விதி காரணமின்றி எழுந்ததன்று. 1994ஆம் ஆண்டுக் கோடையில், பாரிஸ் நகரின் ஷார்ல் தெ கோல் வானூர்தி நிலையத்தில் பணியாற்றியோரும் அருகில் வாழ்ந்தோருமாகச் சிலர் மலேரியாவுக்கு ஆளாயினர். வானூர்தியில் வந்த கொசுக்களே அதற்குக் காரணம் என ஆய்வாளர் முடிவு செய்தனர். மனித உயிரைக் காத்தலும் அறமே. இதனை நாம் மறுக்கவில்லை.

நம் முன்னோர் இம்சையை நான்காகப் பகுத்தனர்: எண்ணித் துணிந்து செய்வது, இல்வாழ்வில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது. முதலாவதை இல்லறத்தாரும் முற்றும் விலக்க வேண்டும். பூச்சிகொல்லி தெளிப்பது தற்காப்பின்பாற்படும் என்பர் சிலர். ஆனால், நான்கு பொறிகளையுடைய கொசு கடல் கடக்க எண்ணிப் புறப்படவில்லை. நாம் திறந்து வைத்த கதவும் ஏற்றிய விளக்கும் அதனை ஈர்த்தன. நம் ஊர்தியே அதனைச் சுமந்து சென்றது. நாமே கொண்டுசென்ற உயிரைப் பகையெனக் கருதிக் கொல்லும்போது, தற்காப்பு என்னும் சொல் முழுதும் பொருந்துமா?

தத்துவார்த்த சூத்திரம், விழிப்பின்மையோடு கூடிய செயலால் உயிரைப் போக்குதலை இம்சை என வரையறுக்கிறது. எனவே மருந்துக் குப்பியைக் கையில் எடுப்பதற்கு முன்பே அறத்தின் கேள்வி எழுந்துவிடுகிறது. தடுக்கக் கூடியதைத் தடுத்தோமா? வானூர்தி நிலையத்தைச் சுற்றிக் குறைந்தது 400 மீட்டர் வரை நோய்பரப்பும் பூச்சிகளைக் கட்டுப்படுத்த வேண்டும் என்கின்றன 2005ஆம் ஆண்டின் பன்னாட்டுச் சுகாதார விதிகள். அங்கே நீர் தேங்காமல் காத்தால் கொசு பெருகுவதில்லை. வாயிலில் காற்றுத் திரை அமைத்தால் பூச்சிகள் நுழைவது பெரிதும் குறையும் என ஆய்வுகள் காட்டியுள்ளன.

இவையனைத்தையும் செய்த பின்னரும் எஞ்சும் கொலையைத் தவிர்க்கவொண்ணாத் தீமையென வருத்தத்தோடு ஏற்கலாம். அதனை அறம் என அழைத்தல் ஆகாது. தடுக்க வழியிருந்தும், கொல்வது எளிதென்று அதனைத் தேர்வோமாயின், அங்கே குற்றம் கொசுவினுடையதன்று, நம் சோம்பலினுடையது. வானூர்தித் துறையில் பணிபுரியும் நம்மவர் இதனை மனத்திற்கொண்டு செயல்படுவாராக.